எடை ஆச்சு, போலாம்

ஜல்லி லாரி இறங்கிப் போய்விட்டது. எடை மேடை காலி. ஆனால் ஜன்னலோரப் பெட்டியில் சிவப்பு எண்கள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

அறுபது.

தாட்சாயணி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். லாரி கிளப்பிவிட்ட வெண்புழுதி இன்னும் தரையைத் தொடாமல் சத்தியவேடு சாலையின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது; அதற்குக் கீழே, நாளெல்லாம் வெயில் குடித்த நீள இரும்பு மேடை, டீசலும் துருவும் கலந்த நெடியோடு, டிக் டிக்கென்று தன்னைத்தானே சுருக்கிக்கொண்டிருந்தது. மேடைமேல் ஒரு நாய்கூட இல்லை.

கூரை ஸ்பீக்கர் கரகரத்தது.

"அறுபது கிலோ. எடை ஆச்சு, போலாம்."

சம்பத்தின் குரல். அவள் புருஷன். அவன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவளுக்குப் பயம் வரவில்லை. "வந்துட்டியா?" என்றாள் கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக.

ஊரே கம்ப்யூட்டர் படிக்கப் பட்டணம் போன காலத்தில் சம்பத்தும் மெட்ராஸ் போனான். ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் எழும்ப ஆரம்பித்ததும், லாரி இருக்கும் இடத்தில் எடை மேடை வேண்டுமே என்று திரும்பி வந்து இதைப் போட்டான். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, ப்ரோக்ராமை அவனே எழுதினான். ஃபேனை அணைத்துவிட்டு, போர்வைக்குள் வியர்த்துக்கொண்டே எண்களை ஒவ்வொன்றாகத் தன் குரலில் பதிந்தான். வண்டி வரலாம். இத்தனை கிலோ. எடை ஆச்சு, போலாம்.

காலையில் முதல் லாரி வருவதற்கு முன் மெஷினைச் சோதிக்க அவனே மேடையில் ஏறி நிற்பான். அறுபது காட்டினால் சரி. பாப்பா தரணியையும் தோளில் தூக்கிக்கொள்வான். அப்போதும் அறுபதுதான். அவன் ப்ரோக்ராம் இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்; அதற்குக் குறைந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காது.

"இன்னாடி பாப்பா, மெஷினே உன்ன மதிக்கல! நல்லா துன்னு. இருபது ஆயிட்டு வா, நைனா உன்னயும் சேத்துச் சொல்றேன்."

அதே மேடையில்தான், புழுதி மண்டிய ஒரு காலையில், பின்னால் வந்த லாரி அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் திருப்பதியிலிருந்து ஹரிபாபு வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன், சம்பத்துக்குப் பழைய சிநேகிதன். பைக்கில் புதுக் கம்ப்யூட்டர் டப்பா.

"ஏமக்கா, இன்னும் தொண்ணூத்தெட்டு விண்டோஸா? இத மியூசியத்துல வெச்சா டிக்கெட்டு போடலாம்."

"போட்டுக்கோ. ஆனா கழட்டாத."

"கம்பெனிக்காரங்க எடைச்சீட்ட மெயில்ல கேக்கறாங்க. இதுல நெட்டே வராது. புதுசு போட்டா, எடையப் படிக்க அண்ணன் வெச்ச கார்டைச் சொருக அதுல எடமே கெடயாது. அண்ணன் எழுதின ப்ரோக்ராமும் அதுல ஓடாது. ரெண்டும் ஒத்துப்போகாதுக்கா. ஏதாவது ஒண்ணுதான்."

"அப்ப அவரு கொரலு?"

"செல்லுல ரெக்கார்டு பண்ணி வெச்சிக்கோ."

"வெச்சிக்கினா? மேடையில ஆள் வந்து நின்னா அது பேசுமா?"

ஹரிபாபு பெட்டியைப் பார்த்தான். அறுபது. மேடையைப் பார்த்தான். காலி.

"சென்சார்ல தண்ணி எறங்கியிருக்கும். அதான் சும்மாவே அறுபது காட்டுது. புதுசு போட்டா இந்தப் பேய் ஓடியே போயிடும்" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவைத்தாள். டப்பாவை அவன் மூலையில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் தரணிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனாகூட நின்னேம்மா."

"எங்க?"

"மேடைமேல. கையப் புடிச்சித் தூக்கிப் பாத்தாரு. இன்னும் பத்தலியாம். நல்லா துன்னுட்டு வான்னாரு. இருபது ஆயிட்டா கூட்டிக்கினு போறாராம்."

உருண்டை பிடித்த கை அந்தரத்தில் நின்றது. குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி ஜல்லிப் புழுதி, வெள்ளையாக, நான்கு பட்டைகளாகப் படிந்திருந்தது. ஒரு ஆம்பளை விரலின் அகலம். சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீர் பால்போல ஓடியது. எத்தனை முறை ஊற்றியும் அந்த இடம் மட்டும் குளிர்ந்தே இருந்தது.

ரேஷன் கடைத் தராசில் குழந்தையை ஏற்றினாள். பதினெட்டு. கடைக்காரன், "இன்னாம்மா, அரிசிக்குப் பதிலா பொண்ணக் குடுத்துட்டுப் போறியா?" என்றான். அவள் குழந்தையைச் சட்டென்று தராசிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஹரிபாபு ஸ்விட்சில் கை வைத்தான். அதே கணம் ஸ்பீக்கர் பேசியது.

"வண்டி வரலாம்."

சாலையில் வண்டி இல்லை. அந்தக் குரலில் இதுவரை இல்லாத ஒரு மூச்சு இருந்தது. உள்ளே இழுத்து, விடாமல் வைத்துக்கொண்ட மூச்சு.

"தம்பி, வேணாம்! ரெண்டு மாசம் கழிச்சி வா."

"ரெண்டு மாசத்துல இன்னா ஆவப்போவுது?"

பதினெட்டு இருபதாக அவ்வளவு நாளாவது ஆகும். அதுவரைக்கும் அவன் குரல் இருக்கட்டும். அதற்குப் பிறகு அவளே வயரைப் பிடுங்கி எறிவாள். இதை யாரிடம் சொல்வது?

"சர்லேக்கா. உன் இஷ்டம்." பைக் போய்விட்டது.

மேடையை மிதிக்கக் கூடாது, வேப்பமரத்தைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று தரணியிடம் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து குழந்தையின் தட்டில் ஒரு பிடி சோறு குறைந்தது.

"இன்னும் கொஞ்சம்மா."

"போதும் கண்ணு. வயிறு வலிக்கும்."

தரணி காலித் தட்டை நக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். யாரிடமோ புகார் சொல்கிற மாதிரி. தாட்சாயணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுப் புருஷனின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், விடிந்தால் பழைய கம்ப்யூட்டரின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. மதியத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாம்பழ லாரிகள் விட்டுப்போன புளிப்பு நெடி காற்றில் கனத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரின் சின்ன விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. தகரக் கூரையில் முதல் துளிகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழுந்தன. மதியத்திலிருந்தே பெட்டியில் அறுபது. ஒருமுறைகூட அணையவில்லை.

காத்திருக்கிறான்.

ஸ்கூல் ஆட்டோ எதிர்ப்பக்கம் வந்து நின்றது. தரணி இறங்கினாள். குனிந்தபடி இறங்கினாள். முதுகில் பை. காலையில் வதங்கித் தொங்கிய அதே பை, இப்போது உப்பிப் புடைத்து, அவளைப் பின்னால் இழுத்தது.

"மா! புதுப் புக்கு குடுத்தாங்க! எல்லாம் குடுத்துட்டாங்க!"

மழை வலுத்தது. குழந்தை வேப்பமரத்தைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். மேடைதான் கிட்டே இருந்தது.

பை.

பையின் எடை.

"தரணீ! வராதே! சுத்திக்கினு வா!"

கண்ணாடி அவள் சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டது. மழை மீதியைத் தின்றது.

ஒரு சின்னச் செருப்பு இரும்பில் பட்டது. அடுத்தது.

சிவப்பு எண்கள் துடித்தன.

எண்பது.

தரணி நடு மேடையில் நின்றாள். இடது கை மெல்ல மேலே உயர்ந்தது. உயரமான யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. விரல்கள் எதையோ சுற்றி மடங்கின. அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு, வயிறு நிறைந்த சிரிப்பு.

"எண்பது கிலோ."

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. அவன் பதியாத சந்தோஷம்.

"எடை ஆச்சு."

தாட்சாயணி கதவை உதைத்துத் திறந்தாள். ஓடினாள்.

"போலாம்."

மழை முகத்தில் அறைந்தது. கண்ணைத் துடைத்தாள். மேடை. அதன்மேல் பை. பை மட்டும். பட்டைகள் இரண்டும் தோளின் வளைவோடு அப்படியே நின்றுகொண்டிருந்தன.

சாலையில் இரண்டு பக்கமும் யாரும் இல்லை.

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். ஸ்விட்ச். விரலை அதில் வைத்தாள். மூலையில் பிரிக்காத புது டப்பா. பெட்டியில் எண்கள் மாறவில்லை. எண்பது. எண்பதேதான். இரண்டு பேர்.

அணைத்தால்?

விரல் ஸ்விட்சை அழுத்தாமலே தானாக விலகிவிட்டது.

மழைக்குள் காலி மேடை, ஒரு புத்தகப் பை. கூரை ஸ்பீக்கர் கரகரத்தது. இந்த முறை அவன் குரலுக்கு அடியில் இன்னொரு சின்னக் குரலும் சேர்ந்து கூப்பிட்டது.

"வண்டி வரலாம்."