வேகாத சுருள்

துப்பறிவாளர் கதவைத் திறந்ததும் அவள் விறுவிறுவென உள்ளே வந்தாள். கம்பி ஆலையில் சூளை பார்க்கும் உலைக்காரி அவள். அன்று காலை ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து கொத்தனார் விழுந்துவிட்டார், பிழைப்பாரா தெரியவில்லை. சாரத்தைக் கட்டியிருந்த கட்டுக்கம்பி, அவள் ஆலையுடையது, முறுக்கிய இடத்தில் ஒடிந்திருந்தது.

"நான் வேகவைக்காம விட்டுட்டேன்னு சொல்றாங்க சார். வச்சேன்னுதான் நினைக்கிறேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"கம்பி என்ன கிழங்கா, வேகவைக்க?" என்றார் துப்பறிவாளரின் மச்சான்.

"கிட்டத்தட்ட அதேதான், மச்சான்."

அச்சின் துளை வழியே இழுத்து மெல்லிதாக்கும்போது கம்பி விறைத்துப்போகும்; வளைத்தால் துள்ளும், முறுக்கினால் ஒடியும். மூடிய பானைக்குள் செக்கச்சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் விறைப்பு இறங்கிவிடும். காற்றுப் படாததால் பளபளப்பும் போகாது. வெந்ததும் வேகாததும் பார்வைக்கு ஒன்றே.

ஆலைக் கிடங்கில், கட்டடத்திலிருந்து திரும்பிவந்த மீதிச் சுருள் கிடந்தது. கிடங்குக்காரர் கைகட்டி நின்றார். "சுருள்ல கட்டின தகட்டுல, வெந்ததுன்னு இவ சூளை முத்திரை இருக்கே. அப்புறமென்ன?"

"தகட்டை எதால கட்டுவீங்க?" என்று அவளைக் கேட்டார் துப்பறிவாளர்.

"அந்தச் சுருளோட வாலையே நறுக்கிக் கட்டுவேன். வாலும் சுருளும் ஒண்ணா வெந்ததுதான்."

துப்பறிவாளர் சுருளின் முனையை வளைத்தார்; துள்ளி நிமிர்ந்தது. தகடு கட்டியிருந்த துண்டை வளைத்தார், வளைத்தபடியே கிடந்தது.

"வாலு வெந்திருக்கு, உடம்பு வேகலையே," என்றார் மச்சான். "அப்போ தகடு வேற சுருளோடது."

"ஆமா. சூளையை விட்டா தகட்டைத் தொடறது உங்க கைதான்," என்று துப்பறிவாளர் கிடங்குக்காரரைப் பார்த்தார்.

கிடங்குக்காரர் கட்டிய கைகளைப் பிரித்தார். "தள்ளுவண்டி கவிழ்ந்துடுச்சுங்க. வெந்த கம்பி மெத்துன்னு இருக்குமில்ல, நசுங்கிச் சிக்காயிடுச்சு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். வேகாத சுருள்ல தகட்டை மாத்திக் கட்டிட்டேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

அவள் கிடங்குக்காரரிடம் திரும்பினாள்.

"வண்டியில ரெண்டு சுருளாச்சே, அண்ணே. இன்னொண்ணையும் இப்படித்தான் மாத்தினீங்களா? அது எங்க?"

"ஆமா, அது வேற கட்டடத்துக்குப் போச்சு. அங்க இன்னிக்கு மூணாம் மாடிப் பூச்சு."

கிடங்குக்காரரின் சட்டைப்பையிலிருந்து போனை உருவி அவரிடமே நீட்டினாள். "போடுங்க."

மணி அடித்தது. வாங்கிக் காதில் வைத்தாள். காற்று இரைந்தது, யாரோ கத்தினார்: "யாருங்க? சாரத்துல நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க."

பதறி ஓடினால் சாரம் சரியும்; அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் அவசரமில்ல அண்ணே. பக்கத்துல இருக்கறவங்களையும் கூப்பிட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தரா ஜன்னல் வழியா உள்ள போங்க. ஓடாதீங்க."