ஃபியூஸ் பிடுங்கிய வீடு

மூன்றாவது நாளாக வீட்டில் மீன் வாடை அடித்தது. மீன் வாங்கி ஒரு மாதமாகியிருந்தது. தையல்காரி பாத்திரம் கழுவும் தொட்டியைத் தேய்த்துப் பார்த்தாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள், அடுப்புக்குப் பின்னால் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை. மழை பிடித்து நாலு நாளாகிவிட்டது. ஜன்னலைத் திறக்க வழியில்லாமல் வீடே நனைந்த சாக்கு மாதிரி நாறிக்கொண்டிருக்க, அந்த ஈர நாற்றத்துக்கு நடுவே இந்த வாடை மட்டும் சூடாக, லேசான கருகலோடு, தனக்கென்று ஒரு பாதை வைத்துக்கொண்டு திரிந்தது. மூக்கு இழுத்த இழுப்புக்குப் போனவள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். அங்கே பழைய செருப்புகளும் கம்பி ஒடிந்த குடையும் கிடந்தன. அவற்றுக்கு மேலே, சுவரில், மின்சாரப் பெட்டி.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோதெல்லாம் அதற்கும் சேர்த்தே அடித்திருந்தார்கள். மூடி எது, சுவர் எது என்று தெரியாதபடி அது சுவரின் வீக்கம் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒன்பது வருஷத்தில் அதைத் திறந்து அவள் பார்த்ததே இல்லை. புறங்கையை வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. உள்ளே யாரோ வாயை இறுக்க மூடிக்கொண்டு முனகுவதுபோல் ஓர் அதிர்வு.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான்.

"என்னங்க, கரண்ட் பெட்டி கொதிக்குது. வாடை வேற அடிக்குது."

"மழைக்கு அப்படித்தான் இருக்கும். அப்பா கையால போட்ட லைன் அது. நாப்பது வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா?"

"நாப்பது வருஷம்னு சொல்றீங்க பாருங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு."

"நான் வந்து பாத்துக்கறேன். ஊதிப் பெருசாக்காத."

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு எலக்ட்ரீஷியனை வரச்சொன்னாள். மகள் இரண்டாம் வகுப்பு. மஞ்சள் மழைக்கோட்டில் வேனில் ஏறிக் கையாட்டிவிட்டுப் போனாள்.

எலக்ட்ரீஷியனுக்கு ஐம்பது வயதிருக்கும். வரும்போதே தும்மிக்கொண்டு வந்தார். "இந்த மழையில நான் ரிப்பேரு, என்னை யாரு ரிப்பேர் பண்றது?" என்று சிரித்தபடியே ஸ்க்ரூடிரைவரால் சுண்ணாம்பைச் சுரண்டி மூடியை நெம்பினார். பெட்டி திறந்தது. சிரிப்பு நின்றது. ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இதை யாரும்மா பண்ணது?"

"எங்க மாமனாருண்ணே. மில்லுல மெக்கானிக்கா இருந்தவரு. என்ன ஆச்சு?"

"ஃபியூஸ்ல தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பிதான் இருக்கணும். கரண்ட் மிஞ்சினா அது உருகி அறுந்துடும். வீடு தப்பிச்சுக்கும். இங்க பாருங்க, ஆணி கனத்துக்குச் செம்புக் கம்பி. இது எந்தக் காலத்துல அறும்? வீடுதான் எரியும்."

"அடிக்கடி ஃபியூஸ் போச்சுன்னு..."

"அதான் போகவே விடாம பண்ணிட்டாரு." கம்பி ஒன்றை டார்ச் நுனியால் லேசாகத் தட்டினார். மேலே சுற்றியிருந்த துணி, அதே மீன் வாடையோடு சாம்பல் மாதிரி உதிர்ந்தது. "எர்த்தும் கிடையாது. இந்த வீட்ல யாராச்சும் ஷாக் வாங்கிருக்காங்களா?"

"இல்லையே" என்றாள்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளேயே உடைந்துபோன சத்தம். அங்கேதான் மாமனார் படுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்துவிட்டன. படுக்கைப் புண் வராமலிருக்க, அவரே ஒரு காலத்தில் வெல்டு வைத்துச் செய்த இரும்புக் கட்டிலின் மேல் காற்றடைத்த ரப்பர் மெத்தை போட்டிருந்தார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். திறந்த கதவு வழியே அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் ஒழுகிக் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாமியாரை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே, குளியலறையில் விழுந்து, நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். நெஞ்சடைப்பு. எல்லோரும் அதையே சொன்னார்கள். தையல்காரி பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியன் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். நாலு. ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு அடங்கியது. மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப் நின்றது.

"இன்னொரு கம்பி இருக்கும்மா. பெட்டிக்குள்ள வராம நேரா செவுத்துக்குள்ள போகுது. எங்க போகுதுன்னு பிடிபடல. மின்சார ஆபீஸ்ல சொல்லிக் கம்பத்துலயே கட் பண்ண வெக்கறேன், புதுப் பெட்டியும் வாங்கிட்டு வந்துடறேன். நாலு மணிக்குள்ள வேலையை முடிச்சிடலாம்."

வண்டிச் சத்தம் மழைக்குள் கரைந்தது.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தையல் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் சேர்ந்து இத்தனை வருஷமாக எதையோ மூடி வைத்திருந்த மாதிரி, அவை நின்றதும் ஓட்டில் விழும் மழையும், எங்கோ சொட்டும் தண்ணீரும், கிழவரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டன. ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குக் கையாலேயே பொத்தான் தைத்தாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. ஆறாவது பொத்தானில் ஊசி நின்றது.

முனகல்.

பெட்டியிடம் ஓடினாள். நாலு ஃபியூஸும் செய்தித்தாளில் வைத்தது வைத்தபடி கிடந்தன. பெட்டி அமைதியாக இருந்தது. சத்தம் பெட்டியில் இல்லை. சுவரில் இருந்தது. நடைவழிச் சுவரில் மழைநீர் ஊறிக் கறுப்பாக இறங்கியிருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளே, அவள் தோள் உயரத்தில், முனகல் போய்க்கொண்டிருந்தது. அவள் நடக்க, அதுவும் கூடவே நடந்தது. அவள் நின்றாள். அது நிற்கவில்லை. கிழவரின் அறைக்குள் போயிற்று.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அறைக்குள் கட்டிலுக்கு மேலே பல்பு சிவந்திருந்தது. எரியவில்லை, சிவந்திருந்தது. ஊதினால் பற்றிக்கொள்ளும் கங்கு மாதிரி. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. சுவரில் வழிந்த தண்ணீர் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி வழியாக இறங்கி, தரையில் பரவி, அந்தச் சிவப்பை ஏந்தி மினுங்கியது.

கிழவர் அவளைப் பார்த்தார். வாய் கோணியது.

"தொ... தொ..."

"தொண்டை காயுதா மாமா? இருங்க. முதல்ல கட்டிலைச் செவுத்துலேர்ந்து இழுத்துடறேன். இங்க இருக்க வேண்டாம்."

"தொ... தொ..."

நல்ல கையைத் தூக்கிக் காற்றில் அடித்தார். நாயை விரட்டுவதுபோல் அடித்தார். பயந்துவிட்டார் பாவம் என்று நினைத்தாள். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன.

அவள் மூடவில்லை. அவையே மூடின. வலி என்று சொல்ல முடியாது. சுவருக்குள் இருந்த முனகல் இப்போது அவளுக்குள் இருந்தது. பற்களில். கண்ணுக்குப் பின்னால். எலும்பில். விடு என்று கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. கத்த நினைத்தாள். நெஞ்சு கல்லாகி நின்றது. காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. தொண்டை இல்லை. தொடாதே.

கிழவர் ரப்பர் மெத்தையின் மேல், ஒரு குறையுமில்லாமல் படுத்திருந்தார். நாலடி தூரம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முகத்தை, இந்த நடுக்கத்தை, அவர் இதற்கு முன்பே ஒருமுறை பார்த்தவர் என்பது அவர் கண்ணில் எழுதியிருந்தது.

கம்பத்தில் கட் பண்ணுவார். இதோ பண்ணிவிடுவார். இதோ.

வாசலில் வேன் நின்றது.

கேட் கிறீச்சிட்டது. செருப்பு உதறும் சத்தம். சின்னப் பாதங்கள் தரையில் ஈரமாகத் தட்டிக்கொண்டு வந்தன.

"அம்மா! மழைன்னு சீக்கிரமே விட்டுட்டாங்கம்மா!"

வராதே. அவள் உடம்பில் மிச்சமிருந்த அத்தனையும் அந்த ஒரு சொல்லாயிற்று. நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

கதவருகில் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது.

"ஏம்மா ஆடுற?" குழந்தை சிரித்தது. "அம்மா, என்ன விளையாட்டு இது?"

"தொ..." கிழவரின் கழுத்து நரம்பு புடைத்தது. "தொ... தொ..."

"தாத்தாவுக்குத் தொண்டை காயுதும்மா. நான் தண்ணி எடுத்துட்டு வரேன்."

பாதங்கள் திரும்பிச் சமையலறைக்கு ஓடின. போ. அங்கேயே இரு. அங்கேயே இரு, கண்ணே. குடத்தில் டம்ளர் முங்கும் சத்தம். பாதங்கள் திரும்பி வந்தன. இந்தமுறை மெதுவாக, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக.

கடைக்கண்ணில் டம்ளர் தெரிந்தது. நிறைய நிறையத் தண்ணீர். அது தளும்பி, பிடித்திருந்த விரல்களில் வழிந்து, முழங்கை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளேன்" என்று சொல்லி, குழந்தை ஒரு கையை டம்ளரிலிருந்து எடுத்து, அவள் இடுப்பை நோக்கி நீட்டியது.