தட்டினால் திருப்பித் தட்டு

அந்த அறையில் எதிரொலி வராது. வரக்கூடாது என்றுதான் அதைக் கட்டியிருந்தார்கள். சுவர், கூரை, தரை எங்கும் கூர்கூரான நுரைப்பஞ்சு முக்கோணங்கள். நடப்பதற்கு மட்டும் ஒரு கம்பி வலை. பேசினால் பேச்சு உதட்டிலேயே செத்துப்போகும். அன்று மாலை பூட்டுவதற்கு முன் அவள் வழக்கம்போல உள்ளே போய், நடுவில் நின்று, ஒருமுறை கைதட்டினாள். திருப்பி ஒரு தட்டு வந்தது.

யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த ஒலியியல் ஆய்வகத்தில் அதற்கென்றே ஒரு விதி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சோதனை செய்பவர்கள் உண்டு. கைபேசி உள்ளே போகக்கூடாது. உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் வேறு வெகுநாளாகப் பழுது. அதனால் பூட்டுகிறவர் உள்ளே வந்து தட்ட வேண்டும், இருப்பவர் திருப்பித் தட்ட வேண்டும். விளக்கைப் போட்டு மூலைமூலையாகப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை.

மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது. கனமான, குழிவான தட்டு. முடிவில் மெல்லிய ஒரு சீறல்.

அவள் பல வருடமாகக் கைதட்டலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். தோலும் தோலும் மோதுவதால் மட்டும் அந்த ஓசை வருவதில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே சிக்கிய காற்று, கட்டைவிரல் பக்கத்து இடுக்கு வழியே பீறிட்டு வெளியேறும். காலிப் பாட்டிலின் வாயில் ஊதுவது போலத்தான். குழி பெரிதானால் ஓசை கனக்கும். ஆளுக்கு ஆள் கை வேறு, தட்டும் வேறு. இந்தச் சீறல் வேண்டுமென்றால் வலது கையில் சுண்டுவிரல் இருக்கக்கூடாது. அந்தச் சந்திலும் காற்று கசிய வேண்டும்.

அப்படிப்பட்ட கை அவள் தம்பிக்கு இருந்தது. சிறுவயதில் சைக்கிள் சங்கிலியில் விரலைக் கொடுத்தவன். அதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் அவனைச் 'சுண்டு' என்று கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

போன வருடம், நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை, ஆய்வகத் தலைவர் இந்தக் கதவைப் பூட்டி, காற்றோட்ட இயந்திரத்தையும் அணைத்துவிட்டுப் போனார். உள்ளே தம்பி இருந்தான். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது செத்துக் கிடந்தான்; உள்ளங்கைகள் வீங்கிப் பிளந்திருந்தன. "நான் தட்டினேன், பதில் வரல" என்றார் தலைவர், வாய் கூசாமல். விசாரணையில் பூசி மெழுகினார்கள். தூங்கியிருப்பான் என்றார்கள். அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த ஆள் வாயால் ஒரே ஒரு உண்மை வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

நடைபாதையில் செருப்புச் சத்தம். தலைவர் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள ஒரு சத்தம் வருது. வந்து கேளுங்க."

"நேரமாச்சும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

"அன்னைக்கும் நேரமாச்சுன்னுதான் போனீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "தட்டினேன்னு எத்தனை தடவ சொல்றது? இப்பவும் தட்டிக் காட்டணுமா?"

"காட்டுங்க."

பையை வாசலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தட்டினார். தட்டையான, வெறும் தட்டு.

பதில் வந்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். கம்பி வலை மெல்ல அதிர்ந்தது. பழைய வியர்வை வாடை. மறுபடி தட்டினார். பதில், இன்னும் பக்கத்தில். மூன்றாவது தட்டை அவர் தட்ட விரும்பியதாகத் தெரியவில்லை. கைகள் தட்டின.

"என்னம்மா இது?"

"நீங்கதான் சொல்லணும் சார்."

தட்டு. தட்டு. தோள்கள் பின்னால் இழுத்தன, கைகள் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் உள்ளயே வரலம்மா. வாசல்லேருந்தே பூட்டிட்டுப் போயிட்டேன். போதுமா? வந்து என் கையைப் பிடி."

கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. அவள் உள்ளே ஓர் அடி வைத்தாள். ஆனால் கோபம் தணியவில்லை, இன்னும் கொதித்தது. இத்தனை எளிதாகச் சொல்லக்கூடியதை ஒரு வருடமாக விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறான் பாவி.

அப்போதுதான் கவனித்தாள். இப்போது பதில் வரவில்லை. தட்டுவது அவர் மட்டும். ஓசை கனத்திருந்தது. குழிவாக. முடிவில் ஒரு சீறல்.

அவர் வலது கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் இல்லை. ரத்தம் இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று பழைய தோல்.

அவர் வாய் திறந்து மூடியது. பஞ்சு எல்லாவற்றையும் தின்றது. தட்டை மட்டும் விட்டுவைத்தது.

அவள் பின்வாங்கினாள். விதிப்படி உள்ளே நின்று ஒருமுறை தட்ட வேண்டும். தட்டவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள்.

கனத்த கதவு. வெளியே ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து மேசைத் திரையில் மட்டும், உள்ளிருந்த ஒலிவாங்கி காட்டிய பச்சைக் கோடு துள்ளியது. விழுந்தது. துள்ளியது. ஒவ்வொரு துள்ளலின் வாலிலும் தம்பியின் சீறல்.