பார்சலா, இங்கேயேவா?

உடும்பு என்பது அவளுக்குச் சித்தப்பா வைத்த பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், அதனால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. வீட்டிலும் கடையிலும் அவள் உடும்புதான். வயது பத்து.

கடை என்றால் பொம்மைகளைப் பழுது பார்க்கும் கடை. காது பிய்ந்த கரடி, கண் விழுந்த முயல், கழுத்து திருகிய குதிரை எல்லாம் அங்கே வந்து சேரும். உள்ளறையில் நீள மேசையில் அம்மா அவற்றைத் தைப்பார், ஒட்டுவார், பஞ்சு அடைப்பார். முன்னறையில் கணினிக்கு எதிரே சித்தப்பா உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் போடுவார். மின்னஞ்சலை அவர் கடிதம் என்றுதான் சொல்வார். அவசரமான கடிதம் என்றால் ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் மேசைக்கு மேலே சுவரில் குத்தி வைப்பார். பதில் போட்ட கடிதத்தை உடனே கணினியில் தனிக் கோப்புறைக்குள் தள்ளிவிடுவார். சாயங்காலம் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் மிச்சம் இருந்தாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தத் திங்கட்கிழமை அம்மாவுக்குப் புது ஸ்மார்ட்போன் வந்தது. உடைவதற்கு முன்னால் பொம்மை எப்படி இருந்தது என்று எல்லோரும் படம் அனுப்புவார்கள். அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் அம்மா கையில் பசையோடு முன்னறைக்கு ஓடிவர வேண்டியிருந்தது. இனிமேல் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

போனைத் தயார் செய்கிற வேலையைச் சித்தப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார். கடையின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. கணக்கின் வகையைத் தேர்ந்தெடுக்கவும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் பாப் 3 என்றும் இன்னொன்றில் ஐமேப் என்றும் எழுதியிருந்தது.

"எதை அழுத்தணும் சித்தப்பா?" என்று கேட்டாள் உடும்பு.

"இதுல என்ன யோசனை? ஒண்ணுல மூணுன்னு நம்பர் போட்டிருக்கு. இன்னொண்ணுல நம்பரே இல்லை. மூணாம் வகுப்பு படிக்கிறவன் பெரியவனா, பள்ளிக்கூடமே போகாதவன் பெரியவனா?"

"பக்கத்துல ஒரு கேள்விக்குறி இருக்கே. அதை அழுத்தினா விளக்கம் வரும் போல."

"விளக்கம் எல்லாம் விவரம் தெரியாதவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பாப் 3-ஐ அழுத்தினார்.

அடுத்த கேள்வி வந்தது. அஞ்சலை இறக்கியதும் சர்வரில் உள்ள பிரதியை நீக்கவா?

"சர்வர்னா யாரு?"

"ஹோட்டல்ல தண்ணி கொண்டுவந்து வைப்பாரே, அவர்தான். நமக்கு எதுக்கு அவர்? குப்பை சேராம இருந்தா சரி." சித்தப்பா 'ஆம்' என்பதை அழுத்தினார்.

உடும்புக்கு அது சமாதானமாக இல்லை. ஆனால் வீட்டுப்பாடம் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதமும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. சித்தப்பா முன்னறையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். "பசங்க எல்லாம் திருந்திட்டாங்க போல. ஒருத்தனும் பொம்மையை உடைக்கலை" என்று சொல்லிக்கொண்டு நகம் வெட்டினார். சுவரில் புதுச் சீட்டு எதுவும் இல்லாததால் அம்மாவும் அவசரப்படாமல் வரிசைப்படி தைத்துக்கொண்டிருந்தார். புதுப் போன் மேசையில் துணித்துண்டுகளுக்கு அடியில் கிடந்தது. பொம்மையின் கண்ணுக்கு நிறம் தேர்வு செய்ய வேண்டிய நாளில் எடுத்தால் போதும் என்று அம்மா அதைச் சத்தம் வராமல் செய்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை உடும்பு பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றும்போது கடைத் தொலைபேசி அடித்தது. சித்தப்பா எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் போட்ட போடு வாசல் வரை கேட்டது.

"ரெண்டு தடவை எழுதிட்டேன் சார். முடியும், முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் பொம்மையை வேற கடைக்குக் கொடுத்துக்கறேன்."

தொலைபேசியை வைத்தபோது சித்தப்பாவின் முகம் வாடிப்போயிருந்தது. "ஒரு கடிதமும் வரலையே. வந்திருந்தா நான் பதில் போடாம இருப்பேனா?"

"அவங்க ஏன் பொய் சொல்லப் போறாங்க?" என்றாள் உடும்பு. "கடிதம் வந்திருக்கு. வேற எங்கேயோ போயிருக்கு. இன்னும் யார் யார் பதிலுக்குக் காத்துட்டு இருக்காங்களோ தெரியலை."

அவள் நேராக அம்மாவின் மேசைக்குப் போனாள். துணித்துண்டுகளைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். இருபத்து மூன்று கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எல்லாம் இங்கே இருக்கு சித்தப்பா."

சித்தப்பா ஓடிவந்து பார்த்தார். கணினியிடம் ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கே பெட்டி காலி. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் போன் நம்ம கடிதத்தை எல்லாம் முழுங்கிட்டு இருக்கு. கொடு இப்படி. கணக்கை அழிச்சுட்டுப் புதுசா போட்டா எல்லாம் சரியாயிடும்."

போனை வாங்கி நாலு இடத்தில் தட்டினார். இந்தக் கணக்கை நீக்கவா என்று கேட்டது போன். சித்தப்பாவின் விரல் இறங்கியது.

உடும்பு அந்த விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடு."

"மாட்டேன். கணக்கை நீக்கினா இந்த இருபத்து மூணு கடிதம் எங்கே போகும்?"

"கணினிக்குத் திரும்பிப் போகும்."

"போகும்னு யார் சொன்னாங்க?"

அம்மா ஊசியைப் பஞ்சுருண்டையில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, அவ கேக்கறது நியாயம்தானே. படிச்சுப் பார்த்துட்டுச் செய்யட்டும்."

உடும்பு போனை வாங்கி, அன்றைக்கு விட்டுப்போன கேள்விக்குறியைத் தேடி அழுத்தினாள். சின்ன எழுத்தில் நாலைந்து வரிகள் வந்தன. முதல் தடவை படித்தபோது தலை சுற்றியது. இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தாள். பாப் 3 என்பது சர்வரில் இருக்கும் அஞ்சலை எடுத்துவந்து இந்தக் கருவியில் வைத்துக்கொள்ளும். ஐமேப் என்பது அஞ்சலைச் சர்வரிலேயே வைத்திருந்து எல்லாக் கருவிகளிலும் காட்டும்.

மறுபடியும் அந்தச் சர்வர். அவளுக்கு ஹோட்டல்தான் ஞாபகம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தால் சர்வர் முதலில் என்ன கேட்பார்?

"பார்சலா, இங்கேயேவா?" என்றாள் உடும்பு.

"என்னது?"

"கடிதம் எல்லாம் முதல்ல ஒரு பொது இடத்துக்கு வருது சித்தப்பா. அதுக்குப் பேர்தான் சர்வர். ஐமேப்னா கடிதம் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் பார்க்கலாம், அம்மாவும் பார்க்கலாம். பாப் மூணுன்னா பார்சல். கட்டிக் கையில கொடுத்துடுவாங்க. அங்கே எதுவும் வைக்க வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதான் அம்மா போன் எல்லாத்தையும் பார்சல் வாங்கிட்டு வந்துடுச்சு."

சித்தப்பா மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ இப்ப நான் அழிச்சிருந்தா..."

"பார்சலைக் குப்பையில போட்ட மாதிரி."

சித்தப்பா அசடு வழிந்தார். மூணாம் வகுப்பைப் பற்றி அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

முதலில் கடிதங்களைக் காப்பாற்ற வேண்டும். சித்தப்பாவுக்குச் சொந்தமாக இன்னொரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. கடிதங்களை ஒவ்வொன்றாக அதற்கு அனுப்பிவிட்டால் பயமில்லை. உடும்பு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது கடிதத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"நான் யானையின் சொந்தக்காரன்" என்று அது தொடங்கியது. "அப்பாவின் மெயிலில் இருந்து அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு வெள்ளிக்கிழமை காதில் ஆபரேஷன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். யானை இல்லாமல் நான் போகமாட்டேன். தும்பிக்கை தைக்க நேரம் இல்லை என்றால் தனியாகக் கொடுத்தாலும் பரவாயில்லை."

உடும்பு அதே முகவரியிலிருந்து வேறு கடிதம் இருக்கிறதா என்று வேகமாகத் தேடினாள். செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது. புதன்கிழமை எழுதியதில் ஒரே வரிதான்.

"யானை பிழைக்கவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்."

மூன்று நாட்களாக ஒரு பையன் பதிலுக்காகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். கடிகாரத்தில் மணி நாலேகால்.

அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தார். எழுந்து அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து சாம்பல் நிற யானையை எடுத்துவந்தார். தைத்துக்கொண்டிருந்த முயலை ஓரமாக வைத்தார்.

"ஒரு மணி நேரத்துல முடிச்சுடறேன். முதல்ல அந்தப் பையனுக்குப் பதில் போடுங்க."

சித்தப்பா கணினியில் தட்டச்சு செய்தார். உடும்பு எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினார். "யானை உயிரோடு இருக்கிறான். தும்பிக்கை தைக்கிறார்கள். தாமதம் எங்கள் தவறு. ஆறு மணிக்கு மருத்துவமனை வாசலுக்குக் கூட்டிவருகிறோம்."

பிறகு மறுபடியும் தரையில் உட்கார்ந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. "பாக்கியை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் சித்தப்பா. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. இந்தப் பையனைப் போல இன்னொருவர் பதினெட்டாவதில் இருக்கலாம். இருபத்து மூன்றும் போய்ச் சேர்ந்ததைச் சித்தப்பாவின் பெட்டியில் எண்ணிப் பார்த்த பிறகுதான், "இப்போ நீக்குங்க" என்று போனை அவரிடம் கொடுத்தாள்.

சித்தப்பா கணக்கை நீக்கினார். புதிதாக முகவரி கொடுத்தார். அந்த இரண்டு பொத்தான்களும் மறுபடி வந்தன. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இங்கேயே" என்றாள் உடும்பு. சித்தப்பா ஐமேப்பை அழுத்தினார்.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குப் போனில் ஒரு கடிதம் வந்தது. அதே கடிதம் கணினியிலும் நின்றது. சித்தப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். எழுதியிருந்தது யானையின் சொந்தக்காரன்.

"தைக்கும்போது அவனுக்கு வலித்ததா?"

"வலிக்கவே இல்லைன்னு எழுதிடு" என்றார் சித்தப்பா.

உடும்பு உடனே எழுதவில்லை. அவன் யானையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. "அப்படி எழுதினா நம்ப மாட்டான் சித்தப்பா. நாளைக்கு அவனுக்கே தெரிஞ்சுடும்."

அவளே எழுதினாள். "தைக்கும்போது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்த பிறகு கொஞ்சம் வலித்திருக்கும். எங்கள் அம்மா அவனைக் கையிலேயே வைத்திருந்தார். இப்போது தும்பிக்கையைத் தூக்குகிறான்."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உடும்பும் சித்தப்பாவும் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். படிக்கட்டில் ஒரு பையன் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

உடும்பு யானையை நீட்டினாள். அவன் வாங்கித் தும்பிக்கையின் அடியில் இருந்த தையல்களை விரலால் தொட்டு எண்ணினான்.

"ஏழு" என்றான். "அழுதானா?"

"கொஞ்சம்" என்றாள் உடும்பு.

பையன் யானையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். இன்னொரு கையால் அப்பாவின் கையைப் பிடித்தான்.

"வாங்கப்பா, உள்ளே போகலாம். நாங்க ரெடி."