டாக்டர் சுகன்யா டைப் செய்கிறார்...

செல்போன் அலறியது!

நாயுடுபுரம் சாக்லேட் கடையில் டப்பாவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள் லாவண்யா. காலடியில் அவளுடைய துணிப்பை. சாயங்கால பஸ்ஸில் ஆடலூர், அம்மா வீடு. போனால் திரும்பி வருவதாக இல்லை.

"முருகானந்தம் சம்சாரமா? இன்ஸ்பெக்டர் குருநாதன் பேசறேன். உன் வீட்டுக்காரன் பைக் வில்பட்டி ரோட்டு வளைவுல நிக்குதும்மா."

"நின்னா என்ன சார்?"

"பைக் மட்டும்தான் நிக்குது. ஆளைக் காணோம்!"

ரிப்பனைப் போட்டுவிட்டுப் பையோடு ஓடினாள் லாவண்யா.

வளைவில் மலை மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்தது. பத்தடிக்கு அந்தப்பக்கம் எல்லாமே வெள்ளை.

பைக் ஸ்டாண்ட் போட்டு ஒழுங்காக நின்றது. சாவி ஆஃப்! ஹேண்டிலில் தொங்கிய பையில் ஒரு ரோஜாச் செடி. ரோட்டோரம் கிடந்த அவன் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் வைத்திருந்தார் கான்ஸ்டபிள் பழனிமுத்து.

காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்த குருநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த மஞ்சுல, இப்படி ஒரு வளைவுல எவனும் வண்டிய நிறுத்த மாட்டான். தெரிஞ்ச ஆள் யாரோ கூப்பிட்டு நிறுத்தியிருக்காங்க. அப்படியே அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டாங்க! செக்போஸ்ட்ல எல்லா வண்டியையும் மடக்கச் சொல்லிட்டேன். ஆமா... அதென்ன கையில பையி?"

"அம்மா வீட்டுக்குக் கெளம்பினேன் சார்."

"இன்னைக்கேவா? சண்டையா?"

"சண்டை போட்டாலாவது தேவலையே சார்! அவருதான் வாயே தொறக்க மாட்டாரே!"

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போன வருஷம் பிள்ளை பிறந்தது. அழாமலேயே பிறந்தது. துண்டில் சுற்றி முருகானந்தம்தான் தூக்கிக்கொண்டு போனான். புதைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்லக்கூடாதாம். சொன்னால் அவள் அங்கேயே விழுந்து கிடப்பாளாம். அவர்கள் குடும்பத்து வழக்கம். போனவன் குளித்துவிட்டு வந்தான். அதோடு வாயில் பூட்டு!

பூண்டுக் காட்டுக்குப் போவான். வருவான். தின்பான். படுப்பான். கல்லுக்குக்கூட ஈரம் கசியும்... இவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று அவள் மனசு வெந்து கிடந்தது.

"அப்ப காலையில இருந்து எங்க இருந்த, யார்கூட பேசிட்டிருந்த?" குருநாதன் விடவில்லை.

"கடையிலதான் சார். டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தேன். ஆன்லைன் டாக்டர். மனசு சரியில்லன்னா பேசலாம். எங்க கடைச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு."

"பேரு?"

"சுகன்யா. சென்னையில இருக்காங்க."

"கால் போடு."

"கால்ல பேச மாட்டாங்க சார். மெசேஜ் மட்டும்தான்."

"மூஞ்சி பாத்ததில்ல, குரல் கேட்டதில்ல... டாக்டராம்! காட்டு பாப்போம்."

போனைப் பிடுங்கிப் படித்தார்.

'டாக்டர், இனி முடியாது. ஆடலூருக்கே போயிடறேன்.'

'அவசரப்படாதீங்க. இன்னைக்கு ஒருநாள் பொறுங்க. அவரு பேசுவாரு.'

'பிள்ளைய எங்க வச்சாருன்னாவது சொல்லுவாரா? அன்னைக்கே சொன்னேனே, ஒரு பூச்செடியாவது நட்டுட்டு வருவேன்னு!'

'சொல்லுவாரு.'

'உங்களுக்கு எப்படித் தெரியும்?'

காலையில் லாவண்யாவின் திரையில் 'டாக்டர் சுகன்யா டைப் செய்கிறார்... டைப் செய்கிறார்...' என்று ஓடியது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. டாக்டரும் கைவிட்டாள் என்றுதான் லாவண்யா பையைத் தூக்கினாள்.

"நல்ல டாக்டர்!" உதட்டைப் பிதுக்கிய குருநாதன் போனை நீட்டினார். "வரச்சொல்லு. நீ காலையில கடையிலதான் இருந்தன்னு அவங்க சாட்சி சொல்லட்டும். இல்லன்னா நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்!"

போனை வாங்கித் தட்டினாள். சாட்சி கேட்க நினைத்தவளுக்கு வேறென்னவோ வந்தது.

'டாக்டர், அவரைக் காணோம். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு அவரு வேணும்.'

அனுப்பினாள்.

டிங்!

பழனிமுத்துவின் கையில் இருந்த கவருக்குள்ளிருந்து!

மூவரும் கவரைப் பார்த்தார்கள்.

"திரும்ப அனுப்பும்மா..." என்றார் குருநாதன்.

'டாக்டர்?'

டிங்!

லாவண்யா அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள்.

'சாப்ட்டியான்னுகூட கேக்க மாட்டாரு' என்று டாக்டரிடம் அழுத மறுநாள், அடுப்படி வாசலில் நின்று "சாப்ட்டியா?" என்றானே! சென்னையில் இருக்கும் டாக்டர் ஒருநாள், 'மஞ்சு இறங்குது, ஸ்வெட்டர் போட்டுக்கங்க' என்று அனுப்பியதே! நோட்டீசை ஒட்டியது யாரென்று இப்போது கேட்க வேண்டுமா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள் பாவி மகள்!

"திருட்டுப் பய சார்! எம் மனசுல இருக்கறதையெல்லாம் திருட்டுத்தனமா கேட்டுருக்கான் சார்! நேர்ல ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவான்?"

மாரில் அடித்துக்கொண்டவளின் கை பாதியில் நின்றது.

"சார்! தெரிஞ்ச ஆள் கூப்பிட்டு நிறுத்தியிருக்காங்கன்னீங்களே... அது நான்தான் சார்! போறேன்னு நான் அனுப்பினதும் பதில் போட வண்டிய நிறுத்தியிருக்காரு. யாரும் கடத்தல சார்! செக்போஸ்ட்ட விடுங்க... வெரசா பள்ளத்துல தேடச் சொல்லுங்க!"

கயிறு வந்தது. வில்பட்டி ஆட்கள் நாலு பேர் வெள்ளைக்குள் இறங்கினார்கள்.

லாவண்யா ரோஜாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றையே பார்த்திருந்தாள். உயிர் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

கீழேயிருந்து ஒரு குரல்...

"ஏலே, மரத்துல சிக்கிக் கெடக்கான்! உசுரு இருக்குலே!"

காட்டுமாடு! மஞ்சுக்குள்ளிருந்து திடீரென்று வந்திருக்கிறது. மண்ணில் குளம்புத் தடம். போனில் கண்ணை வைத்திருந்தவன் பின்னால் கால் வைத்த இடம், பள்ளம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முருகானந்தம். கால் உடைந்திருந்தது. தாடையும்!

"கம்பி போட்டுக் கட்டியிருக்கேன்," என்றார் டாக்டர், நிஜ டாக்டர். "ஒரு மாசத்துக்கு வாயைத் தொறக்கக் கூடாது."

லாவண்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்றைக்குத்தானே பேசுவதாக இருந்தான்!

குருநாதன் கவரைப் பிரித்து, போனை அவன் கையில் வைத்தார்.

வீங்கிய விரல் மெதுவாக நகர்ந்தது.

டிங்! இந்த முறை அவள் போனில்.

டாக்டர் சுகன்யா: 'நம்ம பூண்டுக் காட்டு மேட்டுல. பேரிக்கா மரத்தடியில. தெனமும் வெள்ளனே போயி அங்க உக்காந்துதான் அழுவேன். உங்கிட்ட சொல்லத் தெம்பில்ல புள்ள.'

லாவண்யா அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். ஒரு வருஷத்து அழுகை. அவன் கண்ணோரமும் வழிந்து தலையணை நனைந்தது.

குருநாதன் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... பொம்பளை பேர்ல ஆள்மாறாட்டம், டாக்டர்னு மோசடி. கம்ப்ளைன்ட் எழுதித் தர்றியா? உள்ள வச்சிரலாம்."

முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி நிமிர்ந்தாள் லாவண்யா.

"புருஷனை வேணா உள்ள வைங்க சார்... டாக்டரை மட்டும் விட்டுருங்க!"