நமத்துப்போன பைகள்

மல்லசமுத்திரத்தில் உள்ள முருகானந்தத்தின் ஆலை அறுபது வருடமாக ஜவ்வரிசி செய்கிறது. பாயசம் ருசியாக இருந்தால் அது ஜவ்வரிசியின் பெருமை. ருசியாக இல்லாவிட்டால் சமைத்தவர் பொறுப்பு. முருகானந்தத்தின் வியாபாரம் அப்படி.

இரண்டு வருடமாக ஜவ்வரிசி விற்பனை படுத்துவிட்டது. அதனால் அவர் ஒரு புது இயந்திரம் வாங்கினார். அதே மரவள்ளிக்கிழங்கு மாவுதான். ஒரு பக்கம் மாவுக் கலவை உள்ளே போகும். மறு பக்கம் பை வெளியே வரும். பார்க்க பிளாஸ்டிக் பை போலவே இருக்கும். ஆனால் மண்ணில் புதைத்தால் சில மாதங்களில் மக்கிவிடும்.

ஊரில் கிண்டலுக்குக் குறைவில்லை.

"ஏனுங்க, பை கிழிஞ்சா பால் ஊத்திக் குடிச்சுக்கலாமுங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"தாராளமாக் குடிங்க. சக்கரை மட்டும் உங்களுது" என்றார் முருகானந்தம்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குமாரபாளையத்தில் நான்கு துணிக்கடை வைத்திருக்கும் சுவாமிநாதன் பதினொரு மணிக்குப் பை பார்க்க வருகிறார். பிடித்தால் நான்கு கடைக்கும் இந்தப் பைதான். பிடிக்காவிட்டால், ஆலையைக் கோழித்தீவனம் அடுக்கும் குடோனாக வாடகைக்கு விட்டுவிடுவது என்று முருகானந்தம் முடிவு செய்திருந்தார். அப்புறம் அங்கே வேலை செய்யும் முப்பது பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

இது ஆறாவது படிக்கும் அவர் மகள் யுவஸ்ரீக்கும் தெரியும். அப்பா ஃபோனில் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

காலை ஏழு மணிக்கு முருகானந்தம் ஒரு பையில் இரண்டு வேட்டியை வைத்துத் தூக்கினார்.

பட்!

பை அடியில் பிளந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் பட்! யுவஸ்ரீ ஒரு பையை மடித்துப் பார்த்தாள். அப்பளம் போல இரண்டாக உடைந்தது.

"முந்தாநாள் இதே பையில ரெண்டு தேங்காய் தூக்கினனே!" முருகானந்தத்துக்கு வியர்த்தது. "புதுசாப் போடலாம்னா, கலவை தயாராகி மிஷின் ஓடறதுக்குச் சாயங்காலம் ஆயிருமே!"

"முந்தாநாள் நல்லா இருந்துச்சுன்னா, நேத்து இந்தப் பையெல்லாம் எங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள் யுவஸ்ரீ.

"எங்கிட்டத்தான் இருந்துச்சு, சாமி" என்று முன்னால் வந்தாள் ஆத்தாயி. உலர்த்தும் களத்தில் இருபது வருடமாக வேலை செய்பவள். "களத்துல பரப்பி, பொழுதன்னைக்கும் வெயில்ல காய வெச்சேன். கையில எடுத்தா சலசலன்னு சத்தம் வரோணும், அந்தப் பதத்துக்கு!"

பெருமையாகத்தான் சொன்னாள். அந்த ஆலையில் மாவு காயும், ஜவ்வரிசி காயும், கிழங்குத் தோல் கூடக் காயும். காயாமல் எதுவும் வெளியே போனதில்லை. களத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் ஆத்தாயி நம்மையும் புரட்டிப் போட்டுவிடுவாள்.

"பையைப் போயி யாராச்சும் காய வெப்பாங்களா?" என்று முருகானந்தம் கத்தினார்.

"வேண்டாம்னு நீங்க சொல்லவே இல்லீங்களே!" ஆத்தாயியின் கண் கலங்கியது.

"ஆமாப்பா, நீங்க சொல்லலை" என்றாள் யுவஸ்ரீ. "அக்காவைத் திட்டுனா பை ஒட்டிக்குமா?"

முருகானந்தம் குவளையில் தண்ணீர் மொண்டுவந்தார். பிறகு, "காஞ்சதுதான குத்தம்? தண்ணி தெளிச்சாச் சரியாப் போகும்" என்று ஒரு கட்டுப் பை மீது குவளைத் தண்ணீரைத் தெளித்தார்.

கொஞ்ச நேரத்தில் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனவர் விரலிலும் ஒட்டின. உதறினார். ஒரு பை பறந்து போய் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"இப்ப நிஜமாவே பால் ஊத்திக் குடிச்சுக்கலாமுங்க" என்றாள் ஆத்தாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

யுவஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது.

"அக்கா, மழைக்காலத்துல ஜவ்வரிசி வத்தல் டப்பாவைத் திறந்தே வெச்சா என்னாகும்?"

"நமத்துப் போகும். உடைச்சா உடையாது, வளையும்."

"அதுல தண்ணி ஊத்துனமா?"

"இல்லையே. காத்து ஈரமா இருந்தாப் போதுமே."

"அப்ப இந்தப் பையையும் நமக்க வெப்போம்!"

ஆத்தாயி நெஞ்சில் கை வைத்தாள். "அம்மிணி, இருவது வருசமா எதுவும் நமத்துப் போகக் கூடாதுன்னு காவல் காக்கறேன். என்னையப் போயி நமக்க வெக்கச் சொல்றயே!"

ஆனாலும் அவள்தான் முதலில் ஓடினாள். மாவுத் தொட்டிக்குப் பக்கத்து அறை எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். அங்கே கொடி கட்டி, மீதமிருந்த பைகளை விரித்துப் போட்டார்கள். சுற்றிலும் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பத்து மணிக்கு யுவஸ்ரீ ஒரு பையை எடுத்து மடித்தாள். உடையவில்லை. உள்ளே நான்கு வேட்டிகளை வைத்துத் தூக்கினாள். பை ஊஞ்சல் மாதிரி ஆடியது, கிழியவில்லை.

பத்தரைக்கே வாசலில் கார் சத்தம். வியாபாரி சீக்கிரம் வந்தால், குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"காலையில நடந்ததைப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்று முருகானந்தம் கிசுகிசுத்தார்.

சுவாமிநாதன் தன் கடை லுங்கிகள் ஆறைக் கொண்டுவந்திருந்தார். பையில் போட்டார். குலுக்கினார். இழுத்தார். முகர்ந்தும் பார்த்தார். பை எல்லாவற்றையும் தாங்கியது.

"நல்லாத்தான் இருக்குதுங்க. கடை வாசல்ல கட்டுக்கட்டாத் தொங்க விட்டா பார்வையா இருக்கும். கிழியாதுங்களே?"

"கிழியவே..." என்று தொடங்கினார் முருகானந்தம்.

கடை வாசல் என்றால் வெயில். நான்கு கடையிலும் வாங்குகிறவர்கள் கையில் பட், பட் என்று பை உடைந்தால்?

"வெயில்ல வெச்சா உடைஞ்சிரும், மாமா" என்றாள் யுவஸ்ரீ.

முருகானந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

யுவஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னாள். களம், கஞ்சியான பை, ஈரச் சாக்கு, எதையும் விடவில்லை. சுவாமிநாதன் கையிலிருந்த பையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டினார்.

"அட! போன மாசம் வேற ஒருத்தர்கிட்ட இதே மாதிரி பை வாங்குனேன். வாசல்ல தொங்க விட்டேன். ஒரே வாரத்துல சருகாப் போச்சு. கேட்டா, 'உங்க ராசி அப்படி'ங்கறார்! இப்பத்தான் காரணமே தெரியுது. சரி, எப்படி வெக்கோணும் பாப்பா?"

"கடைக்குள்ள, நிழல்ல. தேவைப்படறப்ப மட்டும் கட்டைப் பிரிக்கோணும். தண்ணியும் படக் கூடாது."

"காரணம் தெரிஞ்சா வெச்சுப் பாத்துக்கலாம். மொதல்ல ரெண்டு கடைக்கு அனுப்புங்க."

முருகானந்தத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேரமும் வந்தது. "நாலு கடைன்னு சொன்னீங்களே!"

"மூணு."

"அந்த நாலாவது கடைக்கு வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க? லுங்கியைத் தலையில கட்டிட்டுப் போவாங்களா?" என்றாள் ஆத்தாயி.

சுவாமிநாதன் சிரித்துவிட்டார். "சரிங்க, நாலு!"

கார் கிளம்பிப் போனது. முருகானந்தம் அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"கோழித்தீவனக்காரருக்கு ஒரு ஃபோன் போடோணும், சாமி" என்றார் மகளிடம்.

"என்னன்னுங்கப்பா?"

"வேற இடம் பாத்துக்கச் சொல்லி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் யுவஸ்ரீ ஃபோனை எடுத்து நீட்டியிருந்தாள்.