சுவருக்கு அந்தப் பக்கம்

அன்றைக்குக் காலையிலும் முட்டைதான்.

பெரிசு தட்டைப் பார்த்தாள். வேகவைத்த முட்டை அவளைப் பார்த்தது. நேற்று ஆம்லெட். முந்தாநாள் இதே வேகவைத்த முட்டை. ஐந்து மாதமாக இந்த வீட்டில் விடியும் ஒவ்வொரு பொழுதும் முட்டையோடுதான் விடிந்தது.

பெரிசு என்றால் வயதானவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பத்து வயதுதான். பேச்சு மட்டும் ஐம்பது வயது ஆள் மாதிரி இருப்பதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய ஆறு வயதுத் தம்பிக்குக் கேள்விக்குறி என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"தன் முட்டை சினிமாவுக்குப் போகுதுன்னு கோழிக்குத் தெரியுமா?" என்று அவன் கேட்டான்.

அம்மா அவன் தட்டிலும் ஒரு முட்டையை வைத்தார். ஆனால் கேள்வி சரியான கேள்விதான். முட்டை உண்மையிலேயே சினிமாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்பா தன் கையாலேயே வீட்டுக்குள் ஒரு சினிமா அறை கட்டிக்கொண்டிருந்தார். அது முன்பு பெரிசின் அறை. ஐந்து மாதத்துக்கு முன் அவளே பெருந்தன்மையோடு அதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தம்பியின் அறைக்குக் குடிபோனாள். தம்பி தூக்கத்திலும் கேள்வி கேட்பான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். எதைச் செய்தாலும் அளந்து, கணக்குப் போட்டு, அசையாமல் முடுக்கித்தான் செய்வார். சினிமா அறையையும் அப்படித்தான் செய்தார். ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தார். அதுதான் திரை. மற்ற சுவர்களுக்குக் கறுப்பு நிறம். ஏன் என்று பெரிசு கேட்டாள். திரையில் படும் வெளிச்சம் அறை முழுக்கத் தெறிக்கும். மற்ற சுவர்களும் வெள்ளையாக இருந்தால் அவை அதைப் பிடித்துத் திரைக்கே திருப்பி அனுப்பிவிடும். படம் வெளுத்துப் போகும். கறுப்புச் சுவரோ வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்றார் அப்பா.

படம் காட்டும் புரொஜெக்டரைக் கூரையில் மாட்டவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டார்ச் விளக்கைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தால் வட்டம் சின்னது. பின்னால் நகர்ந்தால் வட்டம் பெரியது. புரொஜெக்டரும் அப்படித்தான். சரியான தூரம் வரும்வரை அப்பா ஏணியில் ஏறி இறங்கினார். பெரிசு கீழே நின்று, "இன்னும் கொஞ்சம்பா, ஐயோ, போயிடுச்சு, திரும்பி வாங்க" என்று தொண்டை வற்றக் கத்தினாள்.

இதில் முட்டை எங்கே வந்தது என்றால், நான்காவது சுவரில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் மாமாவின் வீடு. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து, மத்தியானம் முழுக்கத் தூங்குகிற மனிதர். படச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. முட்டை அடுக்கும் அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மொத்தம் தொண்ணூறு அட்டை. எழுபது அட்டையை அப்பா தன் கம்பெனி கேன்டீனில் வாங்கி வந்தார். மீதி இருபதும் இவர்கள் தின்று தீர்த்தவை.

அம்மா ஒரு நூலகர். சத்தம் என்றாலே அவருக்குப் புருவம் தனியாக மேலே போகும். ஆரம்பத்திலேயே அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். "அந்த மனுஷன் தூக்கம் கெடாம பாத்துக்கங்க. ராத்திரி ஆபத்துல இருக்கறவங்கள ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டறவர். அவர் தூக்கம் கெட்டா, மறுநாளே அந்த ரூம்ல புத்தக அலமாரி வந்துடும்."

பெரிசோ வகுப்பில் ஆறு பேரிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் காட்சி. கதவில் ஒட்ட அறிவிப்புப் பலகைகூடத் தயார்.

அந்த வாரம் அப்பா லீவு போட்டுவிட்டுத் தினமும் மத்தியானம் சோதனைக் காட்சி நடத்தினார். வெளியே நடைவழியில் நின்று கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. ஆம்புலன்ஸ் மாமாவிடமும் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாமா, "ஒண்ணும் கேக்கலீங்க, நல்லாத் தூங்கினேன்" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு முட்டை அட்டையைப் பெருமையோடு தட்டிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். பெரிசும் தம்பியும் மத்தியானமே வந்துவிட்டார்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தலைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு தலையணை.

ஆம்புலன்ஸ் மாமா.

செருப்புச் சத்தம் கேட்டு அவர் விழித்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. காற்று வாங்க வந்ததாகச் சொன்னார்.

"தலையணையோடவா மாமா?" என்றாள் பெரிசு.

மாமா தலையணையைப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"வீட்ல தூங்கினா யாராவது அடிப்பாங்களா?" என்று கேட்டான் கேள்விக்குறி.

அதற்கு மாமா சிரித்தார். பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாதாம். சுவர்தான் டும் டும் என்று அதிருமாம். திங்கட்கிழமையிலிருந்து இங்கேதான் தூக்கம்.

"அப்பா கேட்டப்ப ஏன் மாமா சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அஞ்சு மாசமா உங்கப்பா உயிரைக் கொடுத்து வேல பாக்கறார். என்னாலதான் இத்தன முட்டையும் தின்னீங்க. போய் முகத்துக்கு நேரா கேக்குதுன்னு சொல்ல வாய் வரல."

பெரிசுக்குச் சுள்ளென்று வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கணக்குப் போட்டே கொல்லும் அப்பா மேலா, மரியாதைக்காகப் பொய் சொன்ன மாமா மேலா, தொண்ணூறு அட்டை மேலா? இதை அம்மாவிடம் சொன்னால் அலமாரி வந்துவிடும். ஆறு பேரும் சனிக்கிழமை வந்து அலமாரியைத்தான் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் சனிக்கிழமைக் காட்சி ஜோராக நடக்கும். இன்னும் இரண்டே நாள்.

அவள் மாமாவின் கண்களை மறுபடி பார்த்தாள். இந்தக் கண்ணோடுதான் இன்றிரவு வண்டி ஓட்டப்போகிறார்.

"மாமா, உங்க வீட்ல வந்து நாங்க கேட்டுப் பாக்கலாமா?" என்றாள்.

மூன்று பேரும் மேலே போனார்கள். மாமாவின் அறைக்குள் நுழைந்ததும் பெரிசுக்குப் புரிந்துவிட்டது. பேச்சுச் சத்தமோ பாட்டோ அவ்வளவாகக் கேட்கவில்லை. ஆனால் அலமாரியில் டம்ளருக்குள் நிற்கவைத்திருந்த கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுவென்று ஆடின. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஏதோ சண்டைக் காட்சி போட்டிருந்தார்.

பெரிசு சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கையில் டும் என்று வந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். அதிர்வு குறைந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினாள். கூடியது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலச் சுவர் முழுக்கத் தடவி, அதிர்வு மிக அதிகமாக இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ஜன்னல் சுவரிலிருந்து அந்த இடம்வரை சாண் போட்டாள். பதினோரு சாண்.

பிறகு தன் வீட்டுக்கு ஓடினாள். இரண்டு வீட்டு ஜன்னலும் ஒரே வெளிச்சுவரில்தான் இருக்கின்றன. அங்கிருந்து அதே கையால் பதினோரு சாண் போட்டாள். கை போய் நின்ற இடத்தில், இரும்புச் சட்டத்தில், நான்கு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது அந்தப் பெரிய ஸ்பீக்கர். டும் டும் என்று அடிவயிற்றில் இறங்கும் சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

அப்பா படத்தை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அப்பா நம்பவில்லை. மூன்று முறை விசாரித்தாயிற்று என்றார்.

"நல்ல மனுஷர்கிட்ட கேட்டா நல்ல பதில்தான்பா வரும். கரண்டியக் கேளுங்க."

அப்பா மாமா வீட்டுக்குப் போனார். படம் ஓடியது. கரண்டிகளும் ஆடின. அப்பா திரும்பி வரும்போது அவர் நெஞ்சு நிமிரவில்லை. வந்ததும் வராததுமாக, முட்டை அட்டைமேல் இன்னொரு அடுக்கு ஒட்டிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கேள்விக்குறி வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

பெரிசு தலையில் கையை வைத்துக்கொண்டாள். அட்டை எவ்வளவு லேசு என்று எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் எதிரொலிக்கும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சுவரே ஆடும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் அட்டை என்ன செய்யும்? அதுவும் சேர்ந்து ஆடும். உறுதியாக இருக்கட்டும் என்று அப்பா முடுக்கிய முடுக்கில் அந்தச் சுவர் முழுவதுமே ஒரு பெரிய ஸ்பீக்கராகிவிட்டது. அதன் வாய் மாமாவின் பக்கம் திறந்திருந்தது.

இதை எப்படி அப்பாவுக்குப் புரியவைப்பது? அவள் யோசித்தாள்.

"அப்பா, லிஃப்ட் மோட்டார் எங்க இருக்கும்?"

"மொட்டை மாடியில. ஏன்?"

"அதையும் இப்படித்தான் போல்ட் போட்டுச் சுவரோட முடுக்குவீங்களா?"

"அதெப்படி முடியும்? மேல் வீட்டுக்காரங்க ஒருத்தரும் தூங்க முடியாது. மோட்டாருக்கு அடியில ரப்பர் கட்டை வெப்போம். மோட்டார் ஆடினாலும் ரப்பர் அமுங்கி எழுந்து அந்த ஆட்டத்த..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பெரிசைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் தினமும் செய்கிற வேலை.

"அஞ்சு மாசம்" என்றார் மெதுவாக.

"தொண்ணூறு அட்டை" என்றாள் பெரிசு.

அன்று மாலை அம்மா வந்ததும் பெரிசே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மாவின் புருவம் மேலே போனது. நூலகத்தில் சத்தம் போடுகிறவர்களைப் பார்க்கும் பார்வையோடு அப்பாவைப் பார்த்தார். சனிக்கிழமை இரண்டு மணிவரை நேரம் கொடுத்தார். அதுவரை சோதனைக் காட்சி எதுவும் மாமாவைக் கேட்காமல் கூடாது. மாமா அன்றைக்கே தலையணையோடு மேலே வந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெரிசு பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் அப்பா இரண்டு போல்ட்டைத்தான் கழற்றியிருந்தார். அவர் முடுக்கியதாயிற்றே, சுலபத்தில் வருமா? மாமா எழுந்து வந்து ஒரு கை கொடுத்த பிறகுதான் மற்ற இரண்டும் வந்தன. ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். வேலையிடத்தில் கழித்துப் போட்ட ரப்பர் கட்டை நான்கை அப்பா கொண்டுவந்தார். எதிர்ப்பக்கம், தெருவைப் பார்த்த சுவருக்கு அருகே, தரையில் ரப்பர் கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் கல் பலகை, அதன்மேல் ஸ்பீக்கர். அது எந்தச் சுவரையும் தொடக்கூடாது. பெரிசு ஒரு காகிதத்தை எடுத்து ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள். காகிதம் தடங்கல் இல்லாமல் மேலிருந்து கீழே போனது.

இந்த முறை அப்பா மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போய், கரண்டி டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். பெரிசு இங்கிருந்து அதே சண்டைக் காட்சியைப் போட்டாள். கால் மணி நேரம் கழித்து அப்பா வந்து, ஒரு கரண்டிகூட அசையவில்லை என்று அம்மாவிடம் முறைப்படி அறிவித்தார். அம்மா தானும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் எதையும் இரவல் வாங்கி நம்பமாட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். முட்டை அட்டைச் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பின்வரிசையில் அம்மா, அப்பா. முன்வரிசையில் தரையில் மெத்தை. கதவு மூடியதும் இருட்டு. கூரையிலிருந்து வெளிச்சம் ஒரு பாதை போட்டுக்கொண்டு போய்த் திரையில் விரிந்தது. யாரோ "அப்பாடி" என்றார்கள்.

படம் அருமையாகப் போனது. பாதியில் ஒரு அமைதியான காட்சி. பனி பெய்கிறது. யாரும் பேசவில்லை, இசையும் இல்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கொர்ர்ர்.

அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது. யார் அந்தக் குற்றவாளி என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆறு பேரும் தாங்கள் இல்லை என்று தலையாட்டினார்கள்.

கொர்ர்ர். கொர்ர்ர்.

"பனிக்குள்ள யாராவது தூங்கறாங்களா?" என்று கேட்டான் கேள்விக்குறி.

பெரிசு எழுந்து போய் முட்டை அட்டைகளுக்கு நடுவே காதை வைத்தாள். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆழமான, கவலையே இல்லாத, ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த குறட்டை. மாமா கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார் போலிருக்கிறது.

அப்பா இருட்டில் தவித்தார். ஐந்து மாதம் உழைத்துக் கட்டிய அறை. முதல் காட்சி. அதுவும் மிக அமைதியான இடத்தில் இப்படி. அவர் ரிமோட்டை எடுத்து, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டவா?" என்று கிசுகிசுத்தார்.

ஒன்பது தலைகள் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தன.

பெரிசு அவர் கையிலிருந்து ரிமோட்டை மெல்ல வாங்கினாள். சத்தத்தை இரண்டு படி குறைத்தாள். பிறகு மெத்தையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். படத்தின் மிச்சத்தை எல்லோரும் குறட்டையோடு சேர்த்தே பார்த்தார்கள். சில இடங்களில் அது படத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.